அளவுப் புத்தகம் முதல் மொழி மாதிரி வரை: பாம்பூஃப்ளாட் கரையில் கட்டுமான ஆவணங்கள்

கட்டுமானத் துறையில் ஆவணம் வேலையின் ஓர் உறுப்பு. வரைபடம் கைக்கு வராமல் கம்பி வளையாது. அளவுப் புத்தகத்தில் ஏறாத கான்கிரீட்டுக்குப் பணம் வராது. கியூப் சோதனை அறிக்கை இல்லாத தூண் உறுதியானது என்று கையெழுத்திட எந்தப் பொறியாளரும் முன்வர மாட்டார். நடுத்தர அளவுள்ள ஓர் அரசுக் கட்டடத்துக்கே மதிப்பீடு, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை, வரைபடங்கள், அவற்றின் திருத்தங்கள், சிமென்ட் பதிவேடு, சோதனை அறிக்கைகள், தள நாட்குறிப்பு, ரன்னிங் பில்கள், கடிதங்கள் என்று தாள்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். இந்தத் தாள்களைப் படித்து, இனம் பிரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கேட்ட கேள்விக்குரிய பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் செயற்கை நுண்ணறிவு கடந்த சில ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அது எதைச் செய்யும், எங்கே தவறும் என்பதைத் தீவு ஒன்றில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தெற்கு அந்தமானில் போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பாம்பூஃப்ளாட். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்த நகரின் சாத்தம் துறையிலிருந்து வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரியில் சில நிமிடங்களில் இங்கே வந்துவிடலாம். சாலை வழியே வந்தால் நீண்ட சுற்று. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 8,000. படகுத்துறை, டீசல் மின்நிலையம், குடியிருப்புகள், கரையோரச் சாலை என்று இங்கே கட்டப்பட்டவை பெரும்பாலும் கடலை ஒட்டியே நிற்கின்றன.

இந்தக் கரையில் ஒரு சுவர் எழுப்ப வேண்டுமானால் சிமென்டும் கம்பியும் பெருநிலத்திலிருந்து கப்பலில் வர வேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல் மட்டும் சுமார் 1,200 கி.மீ. கடற்கரை மணலை எடுத்துக் கட்டுவதும் இப்போது எளிதல்ல. சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஏற்று 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தீவுகளில் மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. ஆகவே ஒவ்வொரு லோடு மணலுக்கும் அனுமதிச் சீட்டும், ஒவ்வொரு சிமென்ட் மூட்டைக்கும் கப்பல் சரக்குச் சீட்டும் ஆலையின் சோதனைச் சான்றும் பின்னாலேயே வருகின்றன. தீவுகள் நில அதிர்வு ஆபத்து மிகுந்த மண்டலத்தில் அடங்குவதால் வடிவமைப்புக் கணக்குகளும் கூடுதல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் இத்தனை காகிதத்தையும் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவது தனிப் பாடு. பணி நடத்தும் அமைப்புகளும் பல: கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் அந்தமான் பொதுப்பணித் துறை, படகுத்துறைகளுக்கு அந்தமான் லட்சத்தீவுத் துறைமுகப் பணிகள் அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைக்கு வேறொரு நிறுவனம். ஒரே கரையின் கதை மூன்று அலுவலகங்களின் அலமாரிகளில் பிரிந்து கிடக்கும்.

சிதறலின் விலை

தாள் தேடுவது சில்லறை வேலையாகத் தோன்றலாம். 2018இல் எஃப்.எம்.ஐ., பிளான்கிரிட் ஆகிய நிறுவனங்கள் அமெரிக்கக் கட்டுமானத் துறையில் நடத்திய ஆய்வு, பணியாளர்கள் வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கும் மேலாகத் தகவல் தேடுவது, தகராறு தீர்ப்பது, தவறுகளைச் சரிசெய்வது ஆகியவற்றிலேயே செலவிடுவதாகக் கண்டது. இடித்துத் திரும்பக் கட்டும் வேலையில் ஏறத்தாழ பாதிக்குத் தவறான தகவலும் தவறிப்போன பேச்சுமே காரணம் என்றும் அது சொன்னது. கூலி குறைவான இந்தியாவில் அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தீவில் ஒன்று கூடுதலாகச் சேர்கிறது: தவறாக வாங்கிய கம்பிக்கு மாற்று வருவதற்கு அடுத்த கப்பல் வரை காத்திருக்க வேண்டும்.

உயிர்ச்சேதம் வரை போன நிகழ்வும் உண்டு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இரண்டு சரிந்து 114 பேர் இறந்தனர். மூல வடிவமைப்பில் மேல் நடைபாதையும் கீழ் நடைபாதையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பியில் தொங்க வேண்டும். பட்டறையின் வசதிக்காக அந்தக் கம்பி இரண்டு துண்டாக மாற்றப்பட்டது. கீழ் நடைபாதை இப்போது மேல் நடைபாதையின் விட்டத்திலேயே தொங்கியது. அங்கிருந்த திருகாணியின் மீது சுமை இருமடங்கானது. அந்த மாற்றத்தைக் காட்டிய பட்டறை வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. புதிய இணைப்புக்குரிய கணக்கை மட்டும் யாரும் போடவில்லை. தாள் தொலையவில்லை, இருந்த தாள் முறையாகப் படிக்கப்படாமலே ஒப்புதலாகிவிட்டது. கட்டுமான ஆவண மேலாண்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். தேடுவதற்கு உதவும் கருவி இந்த விபத்தைத் தடுத்திருக்காது. இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்து, கம்பி ஒன்றிலிருந்து இரண்டானதைக் கோடிட்டுக் காட்டி, கணக்குத் தாள் எங்கே என்று கேட்கும் கருவி தடுத்திருக்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் அப்போதும் வேண்டும்.

மின்னணுமயமாக்கம், பிறகு நுண்ணறிவு

அரசுப் பணிகளில் ஆவணங்களின் நடுநாயகம் அளவுப் புத்தகம். தளத்தில் எல்லோரும் ‘எம்.பி.’ என்பார்கள். இளநிலைப் பொறியாளர் தளத்தில் அளந்ததை அங்கேயே எழுதுகிறார். பக்கங்கள் எண்ணிடப்பட்டவை. எழுதியதை அழிக்கக் கூடாது. அடித்துத் திருத்தி, திருத்தத்தின் மேல் சுருக்கொப்பம் இட வேண்டும். மேலுள்ள பொறியாளர்கள் ஒரு பங்கை நேரில் அளந்து சரிபார்க்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் இந்த ஒழுங்கில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. தவறு நடந்ததும் திருத்தியதும் யார் கை என்பதும் புத்தகத்திலேயே நிற்கும். மத்தியப் பொதுப்பணித் துறை அளவுப் புத்தகத்தை மின்வடிவுக்குக் கொண்டுசென்றபோதும் இதே தன்மையைக் காப்பாற்றுவதுதான் முதல் தேவையாக இருந்தது.

இந்தியாவில் பெரிய அளவில் நடந்த மாற்றம் நெடுஞ்சாலைத் துறையில். 2020 ஜூனில் இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ‘டேட்டா லேக்’ என்ற தளத்தைத் தொடங்கியது. திட்ட ஆவணங்கள், ஒப்பந்த முடிவுகள், ஒப்புதல்கள் எல்லாம் இனி அந்த வழியாகவே நடக்கும் என்று அறிவித்தது. தாமதங்களையும் வரக்கூடிய தகராறுகளையும் செயற்கை நுண்ணறிவுப் பகுப்பாய்வு முன்கூட்டியே எச்சரிக்கும் என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. 2021இலிருந்து சாலைப் பணிகளை மாதந்தோறும் ட்ரோனில் படம்பிடித்து அதே தளத்தில் ஏற்ற வேண்டும் என்ற விதியும் வந்தது. உலக அளவில் 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை, கட்டடத் தகவல் முழுவதும் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு கோப்பும் தயாரிப்பில் உள்ளதா, பகிரப்பட்டதா, வெளியிடப்பட்டதா, காப்பகத்துக்குப் போனதா என்ற நிலைக்குறியைத் தாங்க வேண்டும் என்றும் வரையறுத்தது.

இந்த நிலைக்குறிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஸ்கேன் செய்து கணினியில் போடுவது மின்னணுமயமாக்கம். அதில் அறிவு எதுவும் இல்லை. நிலைக்குறி இல்லாத பத்தாயிரம் ஸ்கேன் பக்கங்கள் ஒரு மழைக்கால அலமாரியைவிட மேலானவை அல்ல.

இயந்திரம் தாளை எப்படிப் படிக்கிறது

முதல் படி எழுத்துணரி. ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்துகளை இனங்காணும் மென்பொருள் அது. ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் 1980களில் உருவாகி 2005இல் திறமூலமான டெசராக்ட் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அச்சிட்ட ஆங்கிலத்தை எழுத்துணரி ஏறக்குறையப் பிழையின்றிப் படிக்கும். ஈரத்தில் ஊறிய அளவுப் புத்தகத்தில், பால்பாயின்ட் பேனாவில், அவசரத்தில் எழுதிய ‘1’க்கும் ‘7’க்கும் முன்னால் அது தடுமாறும். பில் என்பது எண்களால் ஆனது. கடிதத்தில் ஓர் எழுத்து தவறினால் பொருள் தப்பிப் பிழைக்கும். அளவில் ஓர் இலக்கம் தவறினால் பணம் மாறும்.

ஸ்கேன் கருவியே பொய் சொன்ன ஒரு நிகழ்வு இந்தத் துறைக்கே உரியது. 2013இல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவு மாறியிருப்பதைக் கண்டார். மூலத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்த மூன்று அறைகளும் நகலில் 14.13 ஆகியிருந்தன. கோப்பைச் சுருக்கும் முறை, ஒன்றுபோல் தோன்றிய எண் துணுக்குகளுக்குப் பதிலாக ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தது. எழுத்து மங்கவில்லை, கிழியவில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருந்தது, தவறாக இருந்தது. பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தை எரித்துவிடலாம் என்ற யோசனை எழும் ஒவ்வோர் அலுவலகத்திலும் இந்த மூன்று எண்களை எழுதி வைக்கலாம்.

அடுத்த படி பக்கத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வது: இது தலைப்பு, இது அட்டவணை, இந்த எண் இந்தக் கட்டத்துக்கு உரியது, வரைபடத்தின் வலது மூலையில் இருப்பது பெயர்க்கட்டம், அதில் இருப்பது திருத்த எண். இதற்கென்றே பயிற்சி பெற்ற மாதிரிகள் 2020ஐ ஒட்டி வரத் தொடங்கின. அதற்குப் பிறகு தேடல். பழைய தேடல் சொல்லுக்குச் சொல் பொருத்தும். ஒருவர் ‘சென்ட்ரிங்’ என்றும், இன்னொருவர் ‘ஷட்டரிங்’ என்றும், ஒப்பந்தம் ‘ஃபார்ம்வொர்க்’ என்றும் எழுதினால் மூன்றும் அதற்கு மூன்று பொருள். புதிய முறையில் ஒவ்வொரு பத்தியும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றப்படுகிறது. பொருளில் நெருங்கிய பத்திகளின் எண் வரிசைகளும் நெருக்கமாக அமையும். கேள்வியையும் அப்படியே எண்ணாக்கி, அதற்கு அருகிலுள்ள பத்திகளை எடுத்து, அவற்றை மட்டும் மொழி மாதிரியிடம் கொடுத்து விடை எழுதச் சொல்கிறார்கள். 2020இல் விவரிக்கப்பட்ட இந்த முறையின் நன்மை, விடையோடு எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்பதும் வருவது.

ஆனால் பொருள் நெருக்கம் என்பதே கட்டுமானத்தில் ஆபத்தாகவும் ஆகும். எம்25 கான்கிரீட் பற்றிய பத்தியும் எம்35 கான்கிரீட் பற்றிய பத்தியும் மொழியில் இரட்டைப் பிள்ளைகள். தளத்தில் அவை வேறு வேறு உலகம். வரைபடம் எஸ்-104இன் இரண்டாம் திருத்தமும் மூன்றாம் திருத்தமும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஒன்றே. மாறிய அந்த ஒரு பங்குதான் வேலை. ஆகவே வரைபட எண், கான்கிரீட் தரம், ஒப்பந்தப் பிரிவு எண் போன்றவற்றுக்குச் சொல்லுக்குச் சொல் பொருத்தும் பழைய தேடலையும், விளக்கங்களுக்குப் பொருள்வழித் தேடலையும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கிறது. விடை கிடைக்காதபோது ‘இல்லை’ என்று சொல்லும்படி கருவியைக் கட்டுப்படுத்துவதும் அவசியம். மொழி மாதிரிகள் வெற்றிடத்தைப் பொருத்தமான வாக்கியத்தால் நிரப்பும் இயல்புடையவை.

தாளுக்குத் தாள் ஒப்பிடுவது

தேடலைவிட மதிப்புள்ள பயன் ஒன்று உண்டு: ஒரே வேலையைப் பற்றிப் பேசும் வெவ்வேறு தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. ஓர் எடுத்துக்காட்டு. அளவுப் புத்தகத்தில் ஒருநாள் 40 கன மீட்டர் கான்கிரீட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலவை வடிவமைப்பில் கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட். அப்படியானால் 16,000 கிலோ; 50 கிலோ மூட்டையில் 320 மூட்டை. அன்றைய சிமென்ட் பதிவேட்டில் ஏறத்தாழ அத்தனை மூட்டை குறைந்திருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி 31 முதல் 50 கன மீட்டர் வரை 4 மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கியூப். ஆக 12 கியூப்களின் 28 நாள் சோதனை முடிவு கோப்பில் வர வேண்டும். அந்தச் சிமென்ட் வந்த கப்பலின் சரக்குச் சீட்டுத் தேதி கான்கிரீட் போட்ட தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இதில் எந்தக் கணக்கும் கடினமல்ல. நான்கு பதிவேடுகளை நாள்தோறும் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை என்பதால்தான் இது நடப்பதில்லை. இயந்திரம் சலிப்பில்லாமல் செய்யக்கூடிய வேலை இது.

விதிகளோடு ஒப்பிடுவதும் அதே வகை. கடல்நீர்த் தெறிப்பு படும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 ‘மிகக் கடுமையான’ சூழலில் வைக்கிறது: குறைந்தது எம்35 தரம், கம்பிக்கு மேல் 50 மி.மீ. கவர். அலை ஏறி இறங்கும் பகுதி இன்னும் ஒரு படி மேல்: எம்40, 75 மி.மீ. பெருநிலத்தின் உள்மாவட்டம் ஒன்றுக்குப் போட்ட மாதிரி வரைபடத்தை அப்படியே எடுத்துத் தீவுக்குப் பயன்படுத்தும்போது இந்த எண்கள் நழுவிவிடும். பாம்பூஃப்ளாட் கரையில் ஒரு தூணுக்கு 40 மி.மீ. கவர் காட்டும் வரைபடம் கோப்பில் ஏறும்போதே சிவப்புக் குறி விழுந்தால், பத்து ஆண்டு கழித்துத் துருப்பிடித்த கம்பி வெடித்து வெளியே வருவதைத் தவிர்க்கலாம்.

ஒத்துப்போகும் எண்களும் தவறாகும்போது

ஒப்பிடுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதை இந்தக் கரையின் வரலாறே காட்டுகிறது. 2004 டிசம்பர் 26 காலையில் நேர்ந்த சுமத்ரா-அந்தமான் நிலநடுக்கம் தீவுகளின் தரைமட்டத்தையே மாற்றியது. வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்தன. தெற்கே நிலம் அமிழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் 4 மீட்டருக்கும் மேல் இறங்கிக் கடலுக்குள் நின்றது. போர்ட் பிளேர் வட்டாரம் சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் அலைநீர் நிரந்தரமாக ஏறியது. சுனாமி நீர் பாம்பூஃப்ளாட்டின் டீசல் மின்நிலையத்துக்குள்ளும் புகுந்தது.

இதற்கும் ஆவணத்துக்கும் என்ன தொடர்பு? 2004க்கு முன் வரைந்த ஒரு கரையோரச் சாலையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டால், அதில் சாலையின் மட்டம், வடிகாலின் மட்டம், பக்கத்துக் கட்டடத்தின் தரைமட்டம் எல்லாம் உள்ளூர் அளவுக்குறி ஒன்றை வைத்துக் குறிக்கப்பட்டவை. நிலநடுக்கத்தில் அந்த அளவுக்குறியும் சாலையும் வடிகாலும் சேர்ந்தே இறங்கின. ஆகவே வரைபடத்துக்குள் எந்த எண்ணும் இன்னொன்றோடு முரண்படாது. வடிகாலின் சரிவு சரி, படிக்கட்டின் உயரம் சரி. மாறியது ஒன்றுதான்: இவை அனைத்துக்கும் கடலுக்கும் உள்ள உயரம். அந்த ஒன்றைத் தாளுக்குள் தேடினால் கிடைக்காது. மழைநீரைக் கடலுக்கு விட வேண்டிய வடிகால் வழியாக இப்போது உயரலை நாளில் கடல்நீர் உள்ளே வரலாம். தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் இயந்திரம் இந்த வரைபடத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கும்.

நிலம் அதன் பிறகும் அப்படியே நின்றுவிடவில்லை. பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் பல ஆண்டுகள் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பது இயல்பு. ஆகவே இந்தத் தீவுகளில் மட்ட அளவுள்ள எந்த ஆவணமும் இரண்டு தகவல்களைச் சுமக்க வேண்டும்: எந்த அளவுக்குறி, எந்த ஆண்டில் அளந்தது. இவை இல்லாத வரைபடத்தைக் கருவி எடுத்துக் கொடுக்கலாம்; ஆனால் ‘மட்டம் சரிபார்க்கப்படவில்லை’ என்ற எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும். தேதி என்பது கோப்பின் ஓரத்தில் இருக்கும் ஒரு விவரமாகவே மென்பொருள்களில் கருதப்படுகிறது. இங்கே அது ஆவணத்தின் உயிர்நிலை. பெருநிலத்திலோ வெளிநாட்டிலோ தயாரான எந்த மென்பொருளும் 2004 டிசம்பர் 26ஐத் தானாக அறிந்திருக்காது. தீவில் வேலை பார்த்த பொறியாளர்கள் அதைச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

தாமதமும் சட்டமும்

கப்பல் தாமதம், மழை, மணல் தட்டுப்பாடு: தீவில் வேலை பிந்துவதற்குக் காரணங்கள் எப்போதும் இருக்கும். கால நீட்டிப்புக் கேட்கும் ஒப்பந்ததாரர் தடை நேர்ந்ததைக் குறித்த நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தடைப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். நடைமுறையில் பதிவேடு மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதப்படுவதும், தகராறு வந்தபின் இருதரப்பும் வெவ்வேறு தேதிகளோடு நிற்பதும் பழகிய காட்சி. தள நாட்குறிப்பு, கப்பல் வருகைக் குறிப்பு, மழை அளவு ஆகியவற்றைப் படித்துத் தடை தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் முன்மொழியும் கருவி சிறிய ஒப்பந்ததாரருக்குப் பெரிய உதவி. பெரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தப் பிரிவுகளைக் கரைத்துக் குடித்த தனி அலுவலர்கள் உண்டு. மேஸ்திரியாகத் தொடங்கி ஒப்பந்ததாரரானவருக்கு அந்த வசதி இல்லை. நியாயமான உரிமையைத் தாள் இல்லாததால் அவர் இழக்கிறார்.

2024 ஜூன் 3 அன்று மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பைப் பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. அதற்கு மேற்பட்டவை சமரசத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போக நேரும். 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின்படி நடுவர்களைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியாகக் காட்டச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண் அது. இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. இயந்திரம் தயாரித்த சுருக்கமும் மொழிபெயர்ப்பும் அட்டவணையும் மூலக் கோப்பைத் தொடக் கூடாது. அவை தனித் தாளாக, இயந்திரம் தயாரித்தது என்ற குறியோடு இருக்க வேண்டும். திருத்தத்தை மறைக்காத அளவுப் புத்தகத்தின் ஒழுங்கும் இதுவேதான்.

தளத்தின் மொழிகள்

தீவுகளின் கட்டுமான ஆவணங்கள் ஆங்கிலத்தில்; தளத்தின் பேச்சு ஆங்கிலத்தில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் வங்காளம் பேசுவோர் முதலிடத்திலும், தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 15 சதவீதமாகவும் இருந்தனர். தெலுங்கும் இந்தியும் கூட வலுவான மொழிகள். எல்லோருக்கும் இடையே ஓடுவது தீவின் இந்தி. வரைபடத்தின் ஓரத்தில் ‘கான்கிரீட் போட்டபின் 7 நாள் நீர் ஆற்ற வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் இருப்பது கொத்தனார் காதுக்குச் சேரும்வரை அது வெறும் எழுத்து. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் ஆய்வகம் 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, அரசியலமைப்பின் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும் திறமூல மாதிரி. 2022இல் தொடங்கிய மத்திய அரசின் பாஷினி திட்டம் பேச்சையும் சேர்த்துக் கையாள்கிறது. இவற்றை வைத்துப் பாதுகாப்பு அறிவுரையைத் தமிழிலும் வங்காளத்திலும் ஒலியாகக் கொடுக்கலாம். மேஸ்திரி தமிழில் சொன்ன அன்றைய விவரத்தைத் தள நாட்குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதலாம்.

இங்கும் சொல்வழக்குத் தெரிய வேண்டும். தமிழ்த் தளத்தில் கலவை என்பதை இந்தி பேசும் கொத்தனார் மசாலா என்பார். ஜல்லி அவருக்குக் கிட்டி, கம்பி அவருக்குச் சரியா. அகராதித் தமிழில் பயின்ற மாதிரிக்குச் ‘சித்தாள்’ புரியலாம். ‘ரூஃப் போட்டாச்சு, நாளைக்குப் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும்’ என்ற வாக்கியம் புரியும் என்ற உறுதி இல்லை. தளச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தீவின் மேஸ்திரிகளிடம் கேட்டுத் தொகுப்பது பெரிய செலவில்லாத வேலை. கருவியின் பயனை அது பலமடங்கு கூட்டும். தொழிலாளர் பதிவேடுகளில் இருக்கும் பெயர், ஆதார், கூலி விவரங்களை இந்தக் கருவிகளுக்குக் கொடுப்பது வேறு விஷயம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் அவை வருகின்றன. ஆவணத் தேடலுக்கு அவை தேவையும் இல்லை.

வடமும் வரிசையும்

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் தொலைவிலுள்ள கணினிகளில் இயங்குகின்றன. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கண்ணாடி இழை வடம் வருவதற்கு முன், தீவுகள் செயற்கைக்கோளின் ஒடுங்கிய அலைவரிசையை நம்பியிருந்தன. ஒரு பெரிய வரைபடக் கோப்பை அனுப்புவதே பாடாக இருந்தது. சுமார் 2,300 கி.மீ. நீளத்தில், 1,224 கோடி ரூபாய் செலவில் போட்ட அந்த வடம் போர்ட் பிளேரையும் மற்ற ஏழு தீவுப் பகுதிகளையும் இணைத்தபின் நிலைமை மாறியது. என்றாலும் புயலும் பழுதும் உள்ள இடத்தில், தளத்துக்குத் தேவையான நடப்பு வரைபடங்களும் அவற்றின் தேடல் அட்டவணையும் உள்ளூர்க் கணினியிலேயே இருக்க வேண்டும். சிறிய மொழி மாதிரிகள் சாதாரண மேசைக் கணினியில் இணையமின்றி ஓடும் அளவுக்கு வந்துவிட்டதால் இது இயலாத காரியமல்ல. மறுபுறம், காப்பகப் பிரதி ஒன்று பெருநிலத்திலும் இருக்க வேண்டும். 2004 காட்டியது போல, அலை வரும்போது அலுவலகமும் அலமாரியும் ஒன்றாகவே போகும்.

எதை முதலில் கணினியில் ஏற்றுவது என்பதில் அலுவலகங்கள் வழக்கமாகக் கடிதப் போக்குவரத்திலிருந்து தொடங்குகின்றன, அது எளிது. தீவுக்குப் பொருத்தமான வரிசை வேறு. மண் ஆய்வு அறிக்கைகளும் அடித்தள வரைபடங்களும் முதலில் வர வேண்டும். மண்ணுக்குள் போனதைப் பிறகு எவராலும் தோண்டாமல் பார்க்க முடியாது. அடுத்து, கட்டி முடித்தபின் உள்ளபடி வரைந்த வரைபடங்கள். டெண்டர் வரைபடத்துக்கும் நின்றிருக்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாடு பழுதுபார்க்கும் நாளில்தான் தெரியவரும். பிறகு கியூப் சோதனைப் பதிவேடுகள். இவற்றோடு படகுத்துறை, கரையோரச் சாலை, வடிகால் ஆகியவற்றின் மட்டக் குறிப்பேடுகள், ஒவ்வொரு பக்கத்திலும் அளந்த ஆண்டு தெரியும்படி, 2004க்கு முந்தையவை தனியாகவும் பிந்தையவை தனியாகவும்.